நான்கில் நின்ற அடுக்கு

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இடது முழங்கால் நீங்கலாக நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? நாள் முழுக்க மரத்தூசிக்குள் நிற்கிறாய், இருமல் ஏதும் இல்லையே? கடைசியாகக் கடிதம் போட்டது நானா நீயா என்று தேடிப் பார்த்தேன். நீதான், போன வருடம் ஜூலையில். பதில் எழுத எட்டு மாதம் எடுத்துக்கொண்ட மாமனாரைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் அது சரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மரச்சிமிழ் வேண்டும். ஒன்றல்ல, நான்கு. வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். மேலே இருப்பதன் அடிப்பாகமே கீழே இருப்பதற்கு மூடி. உச்சியில் இருப்பதற்கு மட்டும் தனி மூடி. ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த பேனா முனைகள், காம்பஸ் ஊசிகள், பென்சில் கரிகள், குண்டூசிகள் எல்லாம் இப்போது ஒரே பிஸ்கட் டின்னில் கலந்து கிடக்கின்றன. ஓர் ஊசி எடுப்பதற்குள் நான்கு விரலில் குத்து வாங்குகிறேன்.

மேசையை மாற்றிவிட்டேன். இது சின்னது. பக்கவாட்டில் இடம் இல்லை, மேலே போக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது. அதனால்தான் அடுக்கு.

படம் இணைத்திருக்கிறேன். வெளி விட்டம் தொண்ணூறு மில்லிமீட்டர், உயரம் நாற்பது, சுவர் ஐந்து. அடிக்கும் வாய்க்கும் இடையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. கப்பல் கட்டும் இடத்தில் முப்பத்தொரு வருடம் படம் போட்டவன், அளவில் பிசகு இருக்காது.

அவசரம் ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். முகமூடி போட்டுக்கொள்வதால் இருமல் இல்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா, கொடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறீர்களா? ‘வீட்டில் எல்லோரும் நலமா’ என்று கை வழக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு அடித்தேன். அங்கே நீங்கள் ஒருவர்தானே.

உங்கள் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பத்துல ஒரு மில்லிமீட்டராம்! உங்க மாமனார் படம் போட்டுட்டார், சரி. மரத்துக்குப் படம் படிக்கத் தெரியுமான்னு கேட்டாரா?” என்றார்.

கிண்டல்தான், ஆனால் நியாயம். இரும்பு சொன்ன இடத்தில் நிற்கும், மரம் நிற்காது. நான் எடுத்துவைத்திருப்பது ஒரு படிக்கட்டுத் தூணில் மீந்த துண்டு. வெளிறிய மஞ்சள், நேரான ரேகை, நன்றாகக் காய்ந்தது. காய்ந்ததுதானே என்பீர்கள். உள்ளே குடைந்ததும் அது புதிதாகக் காய ஆரம்பிக்கும். வட்டம் முட்டை வடிவமாகும். அதனால் முதலில் சுவரைத் தடிமனாக விட்டுக் கடைந்து, ஆறேழு வாரம் அப்படியே வைத்துவிட்டு, அது போகிற போக்கெல்லாம் போய் முடிந்த பிறகுதான் கடைசிக் கடைசல். அப்போதும் அரை மில்லிமீட்டருக்குக் குறைவாக இடைவெளி விட்டால் மழை நாளில் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு கேள்வி. உச்சிச் சிமிழைத் தூக்கினால் கீழே இருக்கும் மூன்றும் கூடவே எழுந்து வர வேண்டுமா, வேண்டாமா? படத்தில் அது இல்லை.

பழைய மேசை ஆறடி நீளம், முன்னறை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தோம். ஏழு வருடம் அதைத் துடைத்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன், அது எங்கே?

உங்கள் மகன் வீட்டைவிட்டுப் போய் இரண்டரை வருடம் ஆகிறது. அவரைப் பற்றி நீங்கள் எழுதுவதில்லை, நான் கேட்பதும் இல்லை. இந்த ஏற்பாடு நம் இருவருக்கும் ஒத்துவருகிறது, அது அப்படியே இருக்கட்டும்.

முழங்காலைக் கவனியுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா. சுகம். ஒத்தடம் கொடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், தண்ணீர் நிறையக் குடி.

உன் முதலாளியிடம் சொல், மரத்துக்குப் படிக்கத் தெரியாவிட்டால் படித்துச் சொல்ல என் மருமகள் இருக்கிறாள் என்று. அரை மில்லிமீட்டர் என்பது எங்கள் ஆபீஸில் ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பப் போதுமான பிழை. ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். உச்சியைத் தூக்கினால் உச்சி மட்டும் வர வேண்டும். மற்றவை அசையக் கூடாது. இதைப் படத்தில் காட்டாதது என் தவறு. தூக்குகிற கையை நான் வரையவே இல்லை.

இரண்டு மாற்றங்கள். நான்கை ஐந்தாக்கு. ஐந்தாவதில் கூர்மையான விளிம்பு எங்கும் வேண்டாம், எல்லாம் மழுங்கலாக இருக்கட்டும். மேலே பூசுவது வாயில் வைத்தாலும் கெடுதல் செய்யாத எண்ணெயாக இருக்க வேண்டும். வார்னிஷ் கூடாது. யோசனை வரும்போது எதையாவது வாயில் வைத்துக் கடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

வேறு விசேஷம் இல்லை. தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தபால்காரர் பலகை மேல் சர்க்கஸ் காட்டியபடி வருகிறார்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நலம். வலது மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம், இருநூற்று நாற்பது படிக்கட்டுக் கால்களைக் கடைந்தால் யாருக்கும் வரக்கூடியதுதான். உங்களுக்குத் தூக்கம் சரியாக வருகிறதா?

முதல் கடைசல் முடிந்தது. ஐந்தையும் ஒரே துண்டிலிருந்து எடுத்தேன். நடுவில் வெட்டும் உளியை எவ்வளவு மெல்லியதாக வைத்தாலும் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் மரம் சீவலாகப் போய்விடுகிறது. அதனால் அடுக்கி வைக்கும்போது ரேகை கீழிருந்து மேலே ஒரே ஓட்டமாக ஓடாது, மூட்டுக்கு மூட்டு ஒரு நூல் தள்ளி நிற்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஒவ்வொன்றின் அடியிலும் எண் போட்டு, எடையைப் பென்சிலால் எழுதி, காற்றோட்டமான தட்டில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் நிறுத்துப் பார்ப்பேன். எடை குறைவது நின்றால் மரம் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எண்ணெய் விஷயம். சமையலுக்கு ஊற்றுகிற எண்ணெயும் தேன்மெழுகும் போதும், கெடுதல் இல்லை. ஆனால் மாமா, ஏழு வருடம் உங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே நடமாடியிருக்கிறேன். நீங்கள் எதையும் வாயில் வைத்துக் கடித்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் பென்சிலைக் கடித்தால் உங்களுக்குக் கோபம் வரும்.

மேசையைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. மறந்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
மருமகள்


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. முழங்காலுக்கும் பேனாவுக்கும் சம்பந்தம் இல்லாததால் வேறு காரணமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது.

சிமிழ்களின் எடை மூன்று வாரமாக மாறவில்லை. மூன்றாம் எண் மட்டும் நன்றாகவே கோணியிருக்கிறது. தடிமன் விட்டிருந்ததால் சரிசெய்யலாம். வெளி விட்டம் தொண்ணூறுதானா, எண்பத்தாறாகக் குறைக்கலாமா என்று தெரிந்தால் கடைசிக் கடைசலைத் தொடங்கலாம்.

போன வாரம் பட்டறைக்கு எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உங்கள் மகன் விவாகரத்து கேட்டு மனுப் போட்டிருக்கிறார். மனுதாரர் முகவரி என்ற இடத்தில் இருந்தது எனக்கு மனப்பாடமான முகவரி. வீட்டு எண், தெரு, பின்கோடு எல்லாம் சரியாக இருந்தன.

பிரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மனுவில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘எதிர்மனுதாரர் தகுந்த காரணமின்றித் தன்னிச்சையாக வீட்டைவிட்டு வெளியேறினார்.’ எதிர்மனுதாரர் நான். அந்த வரியை இதுவரை பதினோரு முறை படித்துவிட்டேன்.

விட்டத்தை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மருமகள்


ஜூன் 20

அன்புள்ள மருமகளுக்கு,

என் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதுவதற்கில்லை. உன் மணிக்கட்டு வடிந்தது கேட்டுச் சந்தோஷம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அதையும் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை வந்தான். கையில் இரண்டு பெட்டி. பின்னால் ஒரு பெண், அவள் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “அப்பா, ரெண்டு வாரம் மட்டும். வீடு பார்த்துட்டுப் போயிடறோம்” என்றான். குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று கதவை அகலமாகத் திறந்தேன். இப்போது யோசித்தால் அதுவே பதிலாகிவிட்டது. வாசலில் நிறுத்தியிருக்க முடியும், நான் நிறுத்தவில்லை. இரண்டு வாரம் நான்கு மாதமாகிவிட்டது.

முன்னறையில் அவர்கள். ஆறடி மேசை அங்கேதான் இருக்கிறது, அதன் மேல் குழந்தைத் துணிகள். நான் பின்னால் இருக்கும் சாமான் அறையில். ஜன்னல் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நீ கேட்ட கேள்விக்குப் பதில்.

குழந்தை பெண். பதினோரு மாதம் ஆகிறது. தவழ்ந்து வந்து கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறாள். நான்கு சிமிழ் எனக்குத்தான். ஐந்தாவது அவளுக்கு. உன் கையாலேயே அதைச் செய்ய வைக்க நினைத்தேன், அதுவும் உனக்குத் தெரியாமல். இதை எழுதும்போதுதான் அது எவ்வளவு கேவலமான காரியம் என்று தெரிகிறது.

அந்தப் பெண்ணும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். முதல் நாள் சமையலறையிலிருந்து அந்தக் குரல் வந்தபோது நீ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

விட்டம் தொண்ணூறு. வேலையை இத்துடன் நிறுத்திவிடுவதாக இருந்தாலும் எனக்குப் புரியும்.

மாமா


ஆகஸ்ட் 5

அன்புள்ள மருமகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதிலுக்காக அவசரப்படுத்த எழுதவில்லை. என் எட்டு மாதத்துக்கு முன் உன் ஆறு வாரம் ஒன்றுமில்லை. முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், பரவாயில்லை. வலது கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, விளக்கை மாற்ற வேண்டும்.

ஒன்றை உனக்குத் தெரிவிக்காமல் இருக்கக் கூடாது என்பதால் இந்தக் கடிதம். நேற்று அவன் என் அறைக்கு வந்து உட்கார்ந்தான். மனுவை எதிர்த்து நீ பதில் போட்டிருக்கிறாயாம்.

“அந்த ஒரு வரில என்ன இருக்கு? அவளுக்கும் பிரியத்தானே வேணும். எதிர்க்காம விட்டா ரெண்டே தடவைல முடிஞ்சிடும். நீங்க ஒரு கடிதம் போடுங்கப்பா. உங்க பேச்ச அவ கேப்பா.”

“கேப்பா. அதனாலதான் சொல்ல மாட்டேன்” என்றேன்.

அவன் எழுந்து போனான். அவன் கெட்டவன் இல்லை. சின்ன வயதிலிருந்தே கஷ்டமான வேலைகளில் குறுக்கு வழி தேடுவான், அவ்வளவுதான். அதைக் கண்டிக்க வேண்டிய காலத்தில் நான் கப்பலுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

உடம்பைக் கவனி.

மாமா


ஆகஸ்ட் 21

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் நலம். கண் மங்குவது விளக்கினால் அல்ல. டாக்டரிடம் காட்டுங்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உங்கள் ஜூன் கடிதம் வந்த அன்று மதியம் ஐந்தாம் சிமிழை எடுத்துக் கடைசல் லேத்தில் மாட்டினேன். விளிம்பை மழுக்க வேண்டும் என்றுதான் உளியை வைத்தேன். மழுங்கியது. பிறகும் கையை எடுக்கவில்லை. சுவர் மெலிந்தது, ஒளி தெரிகிற அளவு மெலிந்தது, பிறகு சுவர் இல்லை. அடிப்பாகம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் கடைந்தேன். கடைசியில் லேத்தின் வாயில் விரல்கடை அகலத்துக்கு ஒரு குமிழ்தான் மிச்சம். காலடியில் ஒரு கூடை சீவல்.

முதலாளி வந்து பார்த்தார். “யார் தலைய நெனச்சுக் கடஞ்சே?” என்றார்.

“யார் தலையும் இல்ல. அளவு தப்பிடுச்சு” என்றேன்.

“சரி, கூட்டித் தள்ளு” என்று சொல்லிவிட்டு லேத்தை அவரே நிறுத்தினார். அந்த வாரம் என்னை உளி பிடிக்க விடவில்லை, உப்புத்தாள் போடும் வேலை கொடுத்தார்.

குழந்தை மேல் கோபம் இல்லை. குழந்தைக்கு என்ன தெரியும். அந்த வீட்டில் நான் இருந்த ஏழு வருடத்தில் எதையும் எட்டாத உயரத்துக்கு மாற்றிவைக்கத் தேவை வரவில்லை என்பது மட்டும் அன்று ஞாபகத்துக்கு வந்தது.

மீதி நான்கும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. முடிப்பேன், வாக்குக் கொடுத்த வேலை.

விசாரணை அக்டோபர் ஒன்பதாம் தேதி, உங்கள் ஊர்க் கோர்ட்டில். அந்த வரியை எடுக்கச் சொல்லித்தான் போகிறேன், வேறு எதுவும் கேட்கவில்லை. நான் வெளியேறியது உண்மைதானே என்று என் வக்கீலே கேட்கிறார். உண்மைதான். அவர் போன எட்டாம் மாதம் நான் போனேன். பழைய தொழிற்பள்ளி ஆசிரியை பட்டறையில் ஆள் தேவை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை மூன்று நாள் உங்கள் மேசை மேல் வைத்திருந்தேன். நீங்கள் படித்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மருமகள்


செப்டம்பர் 3

அன்புள்ள மருமகளுக்கு,

கண் டாக்டரிடம் காட்டினேன். புரையாம். முற்றட்டும் என்கிறார். நீ நலமா? மணிக்கட்டு மறுபடி வீங்கவில்லையே?

நான்கு போதும். ஐந்தாவது இல்லை என்பதால் குழந்தைக்கு எந்தக் குறையும் இல்லை. சோப்பு டப்பா மூடி ஒன்று கிடைத்துவிட்டது, அதைக் கடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள்.

நீ ஒரு கூடை சீவல் என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவையும் நீ ஒரே மாதிரி மெல்லியதாகச் சீவியிருப்பாய் என்றுதான் தோன்றியது.

மேசை மேல் நீ வைத்த கடிதத்தைப் படித்தேன். மூன்று நாளும் படித்தேன். முதல் நாள், போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். இரண்டாம் நாள், சொன்னால் என் சமையலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாளோ என்று பயந்தேன். மூன்றாம் நாள் நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். கயிறு தேடினாய். நான் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

உன் வக்கீலிடம் என் பெயரைக் கொடு, சாட்சியாக. நீ என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்வேன்.

மாமா


அக்டோபர் 16

வணக்கம்.

பயணம் சுகமாக முடிந்தது. உங்களுக்கு அன்று நின்றே இருந்ததில் முழங்கால் வலித்திருக்கும். நாற்காலி போட்டும் உட்காரவில்லையே.

சாட்சி சொல்லி முடித்ததும் யாரிடமும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டீர்கள். பின்னாலேயே வந்தேன், பஸ் புறப்பட்டுவிட்டது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்கே சரியாக ஞாபகம் இருக்காது என்று நினைக்கிறேன். அதனால் நான் எழுதித் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

“வீட்ட விட்டு மொதல்ல போனது யாரு?” என்று வக்கீல் கேட்டார்.

“என் பையன். செப்டம்பர் பன்னெண்டு, செவ்வாய்க்கிழம. காலைல ஏழு இருபது. மாப்பிள்ளைப் பெட்டின்னு நாங்க சொல்ற பழுப்புப் பெட்டிய எடுத்துட்டுப் போனான்.”

“உங்க மருமக?”

“அடுத்த மே மாசம் போனா. எட்டு மாசம் எனக்குச் சமைச்சுப் போட்டுட்டுப் போனா. அவளப் போகச் சொன்னது யாரும் இல்ல. இருன்னு சொல்லாதது நான்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

“அதத்தான் சொல்றேன் அய்யா. தகுந்த காரணம் இல்லாமன்னு எழுதியிருக்கு. காரணம் இருந்துச்சு. அதுல பாதி நான்.”

நீங்கள் போன பிறகு நடந்தது. அரை மணி நேரம் இரண்டு வக்கீல்களும் தாழ்வாரத்தில் நின்று பேசினார்கள். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு, இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மாற்றி எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். பேனாவை என்னிடம் கொடுக்கும்போது, “எப்படி இருக்கே?” என்றார். “வேலை இருக்கு” என்றேன். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். எதற்கு எழுந்தாள் என்று தெரியவில்லை. நானும் தலையசைத்துவிட்டு வந்தேன்.

நான்கு சிமிழ்களையும் முடித்து, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இடைவெளி அரை மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு, நீங்களும் கொஞ்சம், மரமும் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் எண் இரண்டாவதின் மேல் உட்காரும்போது காற்று மெதுவாக வெளியேறும், ஒரு பெருமூச்சு மாதிரி. அது பழுது அல்ல.

இந்தக் கடிதத்தை ஏன் முறை சொல்லிக் கூப்பிடாமல் தொடங்கினேன் என்று யோசித்திருப்பீர்கள். தீர்ப்பு நகல் கையில் வந்த பிறகு முறைப்படி நமக்குள் உறவு ஒன்றும் இல்லை என்று வக்கீல் சொன்னார். மாமா என்று கூப்பிட இப்போது அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. உங்களை என்ன சொல்லி அழைக்க வேண்டும் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். அதுவரை கீழேயும் ஒன்றும் போடவில்லை.


நவம்பர் 5

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நலம். முழங்கால் அன்று ராத்திரி மட்டும் மானத்தை வாங்கியது, இப்போது தேவலை. அங்கே மழை எப்படி? நனைந்துகொண்டு பட்டறைக்குப் போகாதே.

பார்சல் வந்து பத்து நாள் ஆயிற்று. பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. போன திங்கட்கிழமை அவர்கள் வீடு மாறிப் போனார்கள். கோர்ட்டிலிருந்து வந்த அன்று அவன் என்னிடம் சத்தம் போடவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது, “நீங்க சொன்னது பொய்யில்லப்பா. ஆனா நீங்க சொல்லியிருக்க வேணாம்” என்றான். “நான் சொல்லாம இருந்ததெல்லாம் போதும்டா” என்றேன். அதன் பிறகு சாமான் கட்டுகிற வரை வீட்டில் பேச்சு இல்லை. போகும்போது அந்தப் பெண் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். புதன்கிழமைகளில் வந்து பாருங்கள் என்றாள். அவன் வண்டிக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருந்தான். நேற்று புதன். போனேன். குழந்தை முதலில் அழுதது, பிறகு அடையாளம் கண்டுகொண்டது. அவன் வேலைக்குப் போயிருந்தான்.

சிமிழ்கள் நன்றாக இருக்கின்றன. கீழே கரிகள், அதன்மேல் குண்டூசிகள், பிறகு காம்பஸ் ஊசிகள், உச்சியில் பேனா முனைகள். உச்சியைத் தூக்கினால் உச்சி மட்டும் வருகிறது. ரேகை மூட்டுக்கு மூட்டு தள்ளி நிற்பதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்தேன், பிறகு தேடினால்தான் தெரிகிறது. ஆறடி மேசை மறுபடி என் வசம் வந்துவிட்டது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அடுக்கை நட்டநடுவில் வைத்திருக்கிறேன்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று நாள் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் இருபத்தொன்று, சனிக்கிழமை, காலை எட்டு மணி. இரண்டு நாள் யாராவது கூட இருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் உன் பெயரையும் பட்டறை முகவரியையும் எழுதினேன். பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மருமகள் என்று போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, “சரி” என்று முத்திரை குத்தினாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகவே பட்டறைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் திடுக்கிட வேண்டாம்.

அன்புடன்,
மாமா